ஜீப்புக்குப் பின்னால் ஒரு வீடு

என் சித்திக்குச் சிறு வயதிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. வேங்கிக்காலில் சித்தப்பா கட்டிய வீட்டில் எல்லாக் கதவும் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருந்தது. உலகம் அந்த அளவில் கட்டப்பட்டிருக்கவில்லை. லாட்ஜுகளில் படி இருந்தது. படி இல்லாத இடத்தில் கழிவறைக் கதவு குறுகலாக இருந்தது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்திக்கு முன்பே சித்தி வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

சித்தப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. செங்கம் சாலையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தித் தரச் சொல்லி வந்தார். அதைப் பார்த்த நாளிலிருந்து சித்தி சித்தப்பாவை விடவில்லை. எங்களிடம் இருந்தது ஒரு பழைய ஜீப். அது இழுத்துப் போகிற மாதிரி ஒரு வீடு செய்வது என்று முடிவாயிற்று. இரும்புச் சட்டம், பிளைவுட் சுவர், ஏறுவதற்குச் சாய்வுப் பலகை. பின்கோடியில் நாற்காலியோடு திரும்பக்கூடிய கழிவறை, அதன் தலைமேல் தண்ணீர்த் தொட்டி.

முதல் ஓட்டத்தில் ஜீப்பின் பின்சீட்டில் நான் இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அவலூர்ப்பேட்டை சாலையில் வேகம் பிடித்ததும் பின்னால் வந்த வீட்டின் வால் மெல்ல ஆடியது. எனக்காகத்தான் ஆடுகிறது என்று நினைத்துக் கை தட்டினேன். ஆட்டம் கூடி ஜீப்பையே இழுத்தது. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். வீடு கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை.

"அந்தக் கக்கூச கழட்டிப் போட்டுடு. வெயிட்டு கம்மியாவும்" என்றார் அப்பா.

"அதுக்குத்தானே மாமா வண்டியே" என்றாள் சித்தி.

அன்று மாலை சித்தி என்னை எதிரில் உட்காரவைத்து விசாரித்தாள்.

"முதல்ல ஜீப்பு ஆடுச்சா, வாலு ஆடுச்சாடி?"

"வாலுதான் சித்தி."

மறுநாள் ஒரு பலகைக்கு இரண்டு சக்கரம் மாட்டித் தன் நாற்காலியின் பின்னால் கட்டிக்கொண்டாள். பலகையின் பின்கோடியில் செங்கற்கள். நான் நாற்காலியைப் பக்கவாட்டில் பிடித்துத் தெருவில் தள்ளிக்கொண்டு ஓடினேன். பலகை தறிகெட்டு ஆடியது. செங்கற்களை ஒவ்வொன்றாக முன்னால் நகர்த்தினோம். ஆட்டம் குறைந்தது. எல்லாவற்றையும் முன்னால் வைத்தபோது பாரம் நாற்காலியைப் பின்பக்கமாக அழுத்தி, சித்தியின் கால்கள் மேலே தூக்கிக்கொண்டன. விழாமல் பிடித்துக்கொண்டு, "இது ஜாஸ்தி. ரெண்ட பின்னாடி தள்ளு" என்றாள். பெரும் பாரம் சக்கரத்துக்கு மேல், கொஞ்சம் மட்டும் முன்னால் என்று வைத்ததும் பலகை நேராக வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. சித்தி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் பிரிக்கணுமே" என்றார் சித்தப்பா.

"பிரிங்க."

கழிவறை நடுவுக்கு, சக்கரங்களுக்கு நேர் மேலே வந்தது. தண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில் இறங்கியது. அப்படியும் எதிரே லாரி வந்தால் காற்றில் வண்டி உலுக்கியது. கூரையைத் தாழ்த்தி, முன்சுவரைச் சாய்த்துக் கட்டச் சொன்னாள். சித்தப்பா இரண்டாவது முறையாகப் பிரித்தார்.

மரக்காணத்தில் கடல் பார்க்கக் கிளம்பினோம். சித்தி முன்சீட்டில் இருந்தாள்.

"எவ்ளோல போறீங்க?"

"அம்பது."

"பின்னாடி ஆடுதாடி?"

"ஆடல சித்தி."

செஞ்சி தாண்டி ஓர் இளநீர்க் கடையில் நிறுத்தினார்கள். சித்தி ஒன்று குடித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்துவிட்டு, "இன்னும் ஒண்ணு வெட்டுங்கண்ணே, தண்ணி நெறைய இருக்கறதா பாத்து" என்றாள். என்னுடையதை இன்னும் வெட்டவே இல்லை என்று நான் சிணுங்கினேன். சித்தப்பா ஜீப்பின் மறுபக்கம் போய் நின்று, சரியாகவே மாட்டியிருந்த கொக்கியை வெகுநேரம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கிளம்புகிற ஒவ்வொரு முறையும் சித்தி முந்தைய இரவிலிருந்தே ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பாள் என்று அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்திக்கு இவ்வளவு தாகம் எடுக்கும் என்பதும், பெரியவர்கள் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை என்பதும்தான்.