முப்பத்தைந்துக்குக் கீழே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பம்மலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளின் மார்க்கை வைத்து என்னென்ன தெரிந்துகொள்ளலாம் என்று மற்ற டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். "நீங்கதானே கணக்கு" என்றார். அவ்வளவுதான் என் தகுதி.

முதல் சனிக்கிழமை, நான் பாடம் எடுத்த ஒன்பதாம் வகுப்பின் காலாண்டுக் கணக்கு மார்க்கையே கிராஃப் தாளில் வரைந்து காட்டினேன். முப்பத்தைந்துக்குக் கீழே ஒரு பெண்கூட இல்லை. சரியாக முப்பத்தைந்தில் மட்டும் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று எல்லாருக்கும் தெரியும். பெயில் என்று ரேங்க் கார்டு போனால் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று எல்லாருமே முப்பத்தைந்து போட்டுத் தள்ளிவிடுவோம். இரக்கம் என்று சொல்லிக்கொள்வோம். பாதி பயம்தான். பெயில் எண்ணிக்கை கூடினால் கேள்வி எங்களிடம்தானே வரும்.

பதிவேடு பாட்டுக்கு இருக்கட்டும், உண்மையான மார்க்கை மட்டும் தனியாக ஒரு நோட்டில் எழுதுவோம் என்றேன்.

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்க ரெண்டையும் பாத்துட்டா?" என்று கேட்டார் அந்த ஒன்பதாம் வகுப்புக்குப் பொறுப்பான வகுப்பு டீச்சர். சின்ன வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"என் பீரோவுல வெச்சுப் பூட்டிடறேன்" என்றேன், பெரிய தைரியசாலி மாதிரி. அன்றிலிருந்து பள்ளி வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே பீரோ சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் நோட்டு வேலை செய்தது. எந்தப் பெண் எந்தக் கணக்கில் மாட்டுகிறாள் என்பது பளிச்சென்று தெரிந்தது. பயந்துகொண்டிருந்த அந்த வகுப்பு டீச்சர்தான் அதில் முதலில் தேறினார். "இந்த ஏழு பேரும் பின்னத்துலயே விழறாங்க, பாத்தீங்களா டீச்சர்?" என்று எனக்கே காட்டுவார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நோட்டை வீட்டுக்குக் கேட்டார், கொடுத்தேன். பழகிய கையோடு, பதிவேட்டைப் பார்க்காமல் அந்த நோட்டைப் பார்த்தே எல்லா ரேங்க் கார்டிலும் கணக்கு மார்க்கை எழுதி, வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் அழுதுகொண்டே வந்து இதைச் சொன்னார். மற்ற பெண்கள் திட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்தோடு வந்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் வரவில்லை. அவளுக்குக் கணக்கில் காலாண்டுக்கு முப்பத்தைந்து, அரையாண்டுக்குப் பத்தொன்பது.

"அவள வூட்ல வெச்சுப் பூட்டிட்டாங்க டீச்சர். மாப்ள பாக்கறாங்க" என்றாள் அவள் தெருப் பெண் ஒருத்தி.

சாயங்காலம் இருவரும் அவள் வீட்டுக்குக் கிளம்பினோம். "காலாண்டு மார்க்கப் பத்தி மட்டும் பேசிடாதீங்க டீச்சர். நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்" என்று வகுப்பு டீச்சர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பெண்ணின் அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்பவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கார்டை விரித்து முன்னால் வைத்தார்.

"மூணு மாசத்துல பதினாறு மார்க் கொறஞ்சிகீது டீச்சரம்மா. இன்னா அர்த்தம்? எவனோ பின்னால சுத்திக்கினு கீறான். யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குது."

உள்ளறை வாசலில் அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். முழங்கைக்குக் கீழே இரண்டு கோடுகள் கன்றிப்போயிருந்தன.

கேள்வித்தாள் கஷ்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் அதை நம்பியிருக்க மாட்டார், மாப்பிள்ளையும் வந்திருப்பான். பக்கத்தில் வகுப்பு டீச்சர் என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"கொறையலீங்க" என்றேன். "காலாண்டுலயும் பேப்பர்ல பதினெட்டுதான் வாங்கினா. முப்பத்தஞ்சுன்னு போட்டது நான்."

நாளைக்கே மனு எழுதிக்கொண்டு பள்ளிக்கு வருவார், என் வேலை போகும் என்று எண்ணியபடி உட்கார்ந்திருந்தேன்.

"அப்ப நான் அடிச்சது?" என்றார்.

அவர் கார்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நாளிக்கு இஸ்கூலுக்கு வரும்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பேப்பர்ல பதினெட்டுன்னு ஒனக்குத் தெரியும்தானே? நீயாவது சொல்லியிருக்கக் கூடாது?"

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"டீச்சர் கையால போட்ட மார்க்குப்பா. பொய்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க?"