உடனே அக்காவுக்கு வந்த வார்த்தை

சபையில் என் மனைவிக்கு ‘உடனே அக்கா’ என்று பெயர். ஆண்டவர் ஒன்றைச் சொல்கிறார் என்று மனதில் பட்டால் மறுநிமிடம் எழுந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சுள்ளென்று பேசியது உறுத்தினால், பஸ்ஸில் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்பாள். படுக்கையில் கிடக்கும் யாரையாவது போய்ப் பார் என்று தோன்றினால், சோறு வேகிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தின்ற அரைவேக்காட்டுச் சோறு கொஞ்சநஞ்சமல்ல. கேட்டால், “நாளைக்குப் பண்றேன்னா அது கீழ்ப்படியறது இல்லீங்க, பேரம் பேசறது” என்பாள்.

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆபரேஷன் துணிகளை மடிப்பது அவள் வேலை. டாக்டர் கையுறை போட்ட கையால் ஒரு முனையை இழுத்தால், உள்பக்கம் எதிலும் படாமல் துணி விரிய வேண்டும். அதற்கென்று ஒரு மடிப்பு உண்டு. பதினேழு வருஷம் நின்றபடியே மடித்ததில் அவளுடைய இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனி நிற்கவே கூடாது என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பிரிவில் மேற்பார்வையாளர் வேலை காலியானது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. மனு கொடுத்தாள். அவளுக்குத்தான் கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் நாற்காலிக்கு ஒரு மெத்தைகூட வாங்கிவிட்டேன், அவசரக்குடுக்கை.

அங்கே போர்வைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி, எங்கள் சபைக்காரி, அவளுடைய ஜெபத் தோழி. ஒன்பது வருஷமாகத் துணி அடுக்கும் அறையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் மதியச் சாப்பாடு, சேர்ந்துதான் ஜெபம். ஒருத்தியைப் பற்றி மற்றவளுக்கு ஜெபத்தில் ஏதாவது தோன்றினால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும், கேட்டவள் அதை ஆண்டவர் வார்த்தையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு.

ஒரு மதியம் ஜெபம் முடிந்ததும் அந்தத் தோழி, “அக்கா, உங்களப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சு. அந்த மனுவ திரும்ப வாங்கிடுங்க. ஆண்டவர் உங்களுக்கு வேற ஒண்ணு வெச்சிருக்காரு” என்றாளாம். என் மனைவி டிபன் பாக்ஸைக்கூட மூடவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டாள்.

வீட்டில் நான் குதித்தேன். “ஒரு நாள் யோசிச்சா என்ன குறைஞ்சு போயிடும்?”

“சொன்னது அவருங்க” என்றாள்.

மூன்று வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். வேலை அந்தத் தோழிக்கு. அலுவலக எழுத்தர் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். அவள் மனு கொடுத்தது, என் மனைவியிடம் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு முந்தின நாள்.

அன்று என் மனைவி அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். “வேலைய எடுத்துக்கட்டும்ங்க. முகத்தப் பார்த்துக் கேட்டிருந்தா நானே விட்டுக்குடுத்திருப்பேன். அவர் பேர எதுக்கு இழுத்தா? இப்ப உள்ள ஏதாவது தோணினாக்கூட, அது அவரா, வேற யாராவதான்னு எனக்கே தெரியலையே.” வேலையைப் பறித்ததுகூடப் போகட்டும், ஆண்டவர் குரலைக் கேட்கிற இவள் காதையே கெடுத்துவிட்டாளே அந்தப் பாவி!

இரண்டு மாதம் போனது. போர்வை மடித்தவளுக்கு ஆபரேஷன் மடிப்பு எங்கே தெரியும்? என் மனைவியை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டுப் புதிதாக இரண்டு பெண்களைப் போட்டிருந்தாள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தத் தோழிக்குத் தெரியவில்லை. மடிப்பு சரியில்லை என்று ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கட்டுக் கட்டாகத் துணிகள் திரும்பி வந்தன. இந்த வாரம் சரியாகாவிட்டால் ஆளை மாற்றிவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அடுத்த ஆள் என் மனைவிதான். நான் அந்த மெத்தையை எடுத்துத் தூசி தட்டினேன்.

வியாழக்கிழமை காலை தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். “நான் சீக்கிரம் போறேங்க. அவளுக்கு மடிப்பு சொல்லிக்குடுக்கணும்.”

“பைத்தியமா உனக்கு? ரெண்டு நாள் வாய மூடிட்டு இரு, நாற்காலி தானா வரும்.”

“இது அவர்தாங்க. எனக்குப் பிடிக்காததச் சொல்றாரே, அதுலயே தெரியுது.”

செருப்பை மாட்டப் போனாள். கதவை மறித்து நின்றேன். என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை. “காலைல ஜெபத்துல எனக்கும் ஒரு வார்த்தை வந்துச்சு. நீ போகக் கூடாதாம்” என்றேன்.

அன்று காலை நான் ஜெபமே பண்ணவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

செருப்பை மாட்டிக்கொண்டாள். “அவளாவது ஒரு வேலைக்காகச் சொன்னா” என்றாள். மெதுவாக என்னை விலக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள்.

ஓடிப்போய் இப்போதே மன்னிப்புக் கேள் என்று உள்ளே தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் வரட்டும், நிதானமாகக் கேட்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மடிப்பு சரியாகி நாற்காலி தோழிக்கே நிலைத்துவிட்டது; என் மனைவி இன்னும் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறாள். நான் மன்னிப்புக் கேட்காமல் ஐந்து மாதம் ஆகிறது.