மலைக்குப் போன ஹால் டிக்கெட்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வருஷமும் கிழமையும் மறந்துபோகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த எரிச்சல் மட்டும் மறக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைவு. என் மகள் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் மட்டும் தவறிவிட்டாள். அக்டோபரில் மறுபடி எழுத வேண்டும். அதிலும் போனால் சிலமலையில் நாத்தனார் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதென்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

அது நடந்திருந்தால் இது நடந்திருக்கும் என்று, நடக்காமல் போனதைச் சொல்லும் இங்கிலீஷ் வாக்கியம்தான் அவளுக்கு வரவில்லை. போடியில் எங்கள் வீட்டில் ஏலக்காயைச் சொளகில் போட்டுத் தரம் பிரிக்கும்போது அதையே முணுமுணுப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

"இதுல என்னடி கஷ்டம்? ஒங்கப்பா வாயத் தொறந்தா இதுதான வருது" என்றேன்.

மழை பெய்திருந்தால், அந்த நிலத்தை அன்றைக்கே வாங்கியிருந்தால், அண்ணன் பேச்சைக் கேட்காமல் இருந்திருந்தால். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன். மகள் சிரித்துவிட்டு, அவர் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதி இங்கிலீஷில் மாற்றினாள். பத்து நாளில் பிடிபட்டுவிட்டது.

அவருக்குப் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை. திங்கள் ஏறினால் சனிதான் இறங்குவார். எந்தப் புதுக் காகிதம் வந்தாலும் தோட்டத்துச் சாமிக் கல்லின் முன் வைத்து எடுக்க வேண்டும் அவருக்கு. ஹால் டிக்கெட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். செவ்வாய் சாயங்காலமே கொண்டுவந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். பரீட்சை புதன்கிழமை.

செவ்வாய் வரவில்லை. புதன் காலையில் மலையிலிருந்து வந்த ஒவ்வொரு ஜீப்பையும் எட்டி எட்டிப் பார்த்தேன். டிக்கெட் இல்லாமல் அவளைப் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடவில்லை; திரும்பி வந்து சொளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தார், விபூதி பூசிய டிக்கெட்டோடு. காய் உலர்த்தும் சூட்டறையில் பச்சைக் காய் கிடந்ததாம், விட்டு வந்தால் வெளுத்துவிடுமாம். காலையில் ஆள் நிறையாமல் ஜீப்பு எடுக்கவில்லையாம்.

"ஜீப்பு மட்டும் வெரசா எடுத்திருந்தா எழுதியிருப்பா" என்றார்.

மகள் சொளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இஃப் யூ ஹேட் கம் எஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் பாஸ்டு" என்றாள்.

"என்னங்குறா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. அன்றைக்கு வந்துவிட்டது. "ஜீப்பு மேல பழி போடாதீங்க. நீங்க நேத்தே வந்திருந்தா அவ பாஸ் பண்ணியிருப்பாளாம்."

அவர் டிக்கெட்டில் இருந்த விபூதியைத் துண்டால் துடைத்தார். பிறகு, "மார்ச்சுல எழுது ஆத்தா. சிலமலைக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

மார்ச் டிக்கெட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன். அவள் தேறிவிட்டாள். அதற்கும் சொன்னார்: "சாமிகிட்ட வெச்சிருந்தா இன்னும் நாலு மார்க்கு கூட வந்திருக்கும்."

இங்கிலீஷைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். மகள் இதைப் படித்தால் அது சரிதானா, அன்று புதன்கிழமைதானா என்று பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும்.