பார்லி இல்லாத பீர்

இந்த வாரப் பத்தியைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று அச்சுக் கோக்கும் நண்பர்கள் திட்ட வேண்டாம். நாலு வரிக்கு ஒரு தடவை எழுந்து கொல்லைப்பக்கம் ஓடிவிட்டு வருகிறேன்.

என்ன ஆயிற்று? போன ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டில் என் மகளுக்குக் காது குத்தினோம். காது குத்தியது அவளுக்கு. அவள் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள்... படுத்திருப்பது நான்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு பீர் பிடிக்கும். இதில் என்ன ஒளிவுமறைவு? நம் ஊரில் மதுவிலக்கு இருந்தபோது, கம்பெனி வேலையாகப் பாண்டிச்சேரி போவேன். மத்தியானத்துக்குள் வேலையை முடித்துக்கொண்டு ஒரு பாட்டில் – ஒன்றே ஒன்று – குடித்துவிட்டு பஸ் ஏறுவேன். என்றைக்காவது அம்பத்தூரிலேயே, நம் வீட்டு வாசலிலேயே, கால்மேல் கால் போட்டு ஒரு பீர் குடிக்க வேண்டும். என் வாழ்நாள் லட்சியம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய லட்சியமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகாது.

கடைகளைத் திறந்தார்கள். அரசாங்கம் மதுவிலக்கை எடுத்த அதே மாதம் என் குடல் மதுவிலக்கைக் கொண்டுவந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே வயிறு சரியில்லை. எதைத் தின்றாலும் உப்புசம், ஓட்டம். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. என் மனைவி சரோஜா, நம் வீடுகளில் வயிறு கெட்டவனுக்கு எதைக் கொடுப்பார்களோ அதைக் கொடுத்தாள் – பார்லித் தண்ணி. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். குடிக்கக் குடிக்க மோசமானது. மோசமாக ஆக, மத்தியானமும் ஒரு டம்ளர் சேர்ந்துகொண்டது.

கடைசியில் பெரிய டாக்டர் ஒருவர், ஒரு குழாயை விழுங்க வைத்து, குடலில் துளி கிள்ளியெடுத்துப் பார்த்து, "சீலியாக்" என்றார். கோதுமையும் பார்லியும் என் குடலுக்கு ஆகாதாம். "இது வெளிநாட்டில்தான் அதிகம். உங்களுக்கு எப்படி வந்ததோ" என்று வேறு ஆச்சரியப்பட்டார். பாண்டிச்சேரியைத் தாண்டாதவனுக்கு வெளிநாட்டு வியாதி! கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சப்பாத்தி போயிற்று. ரவா உப்புமா போயிற்று. பன், பிஸ்கட், பரோட்டா எல்லாம் போயின. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள் என்று சாம்பாரில் இருந்த வாசனையும் போயிற்று. போகட்டும், அரிசி இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். "பீரும் கூடாது. அது பார்லிதானே?" என்றார் டாக்டர். வியாதியின் பெயரைச் சொன்னபோது கலங்காதவன் அப்போது கலங்கினேன்.

என் துக்கம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. அது என் மச்சான் வரைக்கும் போயிற்று.

சரோஜாவின் அண்ணன் ஏகாம்பரம் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயரானவர். கோவில்பதாகையில் வீடு. பட்டாளத்து கேன்டீனில் அவருக்கு மாதாமாதம் கோட்டா உண்டு. அந்தக் கோட்டாவில் சொந்தத் தம்பியே கேட்டாலும் ஒரு சொட்டு கொடுக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் இரண்டு பீர் பாட்டிலோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மச்சான், தப்பா நெனைக்காதீங்க. எனக்குப் பார்லி ஒத்துக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மாப்ளே, கதை வுடறே? ஆஸ்பத்திரில இழுத்துகினு கெடக்கறவனுக்கே பார்லித் தண்ணிதான் குடுக்கறாங்கோ. பச்சப் புள்ள குடிக்குது. உனக்கு மட்டும் ஒத்துக்காதா? என் கையால குடிக்கப் புடிக்கலைன்னா நேரா சொல்லிடு."

ஒரு வருடம் முன்னால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினேன். அந்தக் கையெழுத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மச்சான் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அதோடு எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தோம். பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியவர் யார்? தாய்மாமன். சரோஜாவுக்கு எத்தனை அண்ணன் தம்பி? தம்பி ஒருவன் அந்தமானில் இருக்கிறான். கடிதமே வருடத்துக்கு ஒன்றுதான் வரும். ஆகவே, ஏகாம்பரம்.

"எங்கண்ணன் மடில உக்காராம எம்பொண்ணுக்குக் காது குத்தக் கூடாது" என்றாள் சரோஜா. "அவரு குடுக்கறதை ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வாங்களேன். உசிரா போயிடும்?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அப்பா அம்மா போய்ச்சேர்ந்த பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அந்த அண்ணன்தான். எனக்கும் மனசு கேட்கவில்லை. மச்சானோடு உட்கார்ந்து நாலு வாய் குடித்தாக வேண்டும். குடித்த பிறகு நடமாடவும் வேண்டும்.

பிராந்திக் கடையில் போய், "பார்லி இல்லாத பீர் இருக்கா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "சார், கறி இல்லாத பிரியாணி கேக்கறீங்க. அதுக்குப் பேரு சோறு."

அடுத்து, எங்கள் கம்பெனி டர்னர் டில்லிபாபுவிடம் சொன்னேன். லேத்தில் எதைக் கொடுத்தாலும் கடைந்துவிடுவான்; ஆகவே பீரும் முடியும் என்று நம்பினான். "பீருன்னா இன்னா சார்? ஊறின தானியம்தானே. கேவுருல போட்டா முடிஞ்சிது." கேழ்வரகுக் கஞ்சியில் ஈஸ்ட் கலந்து, பாட்டிலில் அடைத்து, எங்கள் வீட்டுப் பரண்மேல் வைத்தோம். மூன்றாம் நாள் பாட்டில் வெடித்துக் கூரைவரை கஞ்சி. துடைக்க எனக்கு அரை நாள் லீவு.

டில்லிபாபு அசரவில்லை. அவன் மாமியார் ஊர் வெள்ளானூர். விடியற்காலையில் மரத்திலிருந்து இறக்கிய பனங்கள்ளை ஒரு காலி பீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தான். கள்ளில் ஏது பார்லி?

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நுரை இருந்தது, லேசாகப் புளிப்பு இருந்தது, நாக்கில் சுருக்கென்று குத்தவும் செய்தது... அடடா. இத்தனை நாள் இதற்காகவா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினோம் என்று இருந்தது.

"மச்சானுக்கு ஒரு நெஜ பீரு வாங்கிக்கோ. உனுக்கு இது. எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக்கினா நெறம் எவனுக்குத் தெரியும்?" – இது டில்லிபாபுவின் திட்டம்.

இரண்டு பாட்டிலோடு கோவில்பதாகை போனேன். மச்சான் "வா" என்று சொல்லவில்லை. "போ" என்றும் சொல்லவில்லை. இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அவர் தன் டம்ளரை எடுத்தார், என் டம்ளர் பக்கம் மூக்கைத் திருப்பினார், அப்படியே நின்றுவிட்டார். நிறத்தை மறைத்த நாங்கள் வாசனையை மறந்துவிட்டோம்.

"இது கள்ளு."

என் டம்ளரைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். "பட்டாளத்துல சேந்த அன்னிக்கி வுட்டது, மாப்ளே. இருவது வருசம்." பீர் பாட்டிலை ஓரமாக நகர்த்தினார். "இந்தக் கசப்புத் தண்ணிய எனுக்கு எப்பவுமே புடிக்காது. கோட்டாவ வுட்டுட்டா கௌரவம் போயிடுமேன்னு வாங்கறேன்."

நாங்கள் கள்ளைப் பங்கு போட்டுக்கொண்டோம். நான் மெதுவாக மறுபடியும் பார்லி விஷயத்தை ஆரம்பித்தேன். மச்சான் என் தோளில் தட்டினார்.

"வுடு. ஆபீஸ்ல வேலை செய்றவன், கள்ளுதான் புடிக்கும்னு சொல்ல வெக்கப்பட்டுகினு பார்லி கீர்லின்னு எதையோ சொல்ட்டே. எனுக்குப் புரியாதா?"

ஆக, உண்மையைச் சொன்னதற்கு மூன்று மாதம் கோபித்துக்கொண்டவர், பித்தலாட்டம் பண்ணியதற்கு என்னை மன்னித்தார். நானும் தலையாட்டிவிட்டேன். சமாதானம் வந்த இடத்தில் வைத்தியம் பேசலாமா?

போன ஞாயிறு. திருவேற்காடு. மச்சான் பட்டு வேட்டியில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில். சரோஜாவின் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பத்தர் ஒரு காதைக் குத்தி முடித்தார். பிள்ளை வீறிட்டு அழுதாள். வெயிலில் எனக்கும் தலை சுற்றியது.

மச்சான் கவனித்துவிட்டார்.

"இன்னா மாப்ளே, வாடிப்போய் கீறே? சரோஜா, அந்த பிளாஸ்க்க எடு. உங்கண்ணி மாப்ளைக்குன்னே காய்ச்சிக் குடுத்தனுப்பிச்சா. பார்லித் தண்ணி. குடிச்சா தெம்பா இருக்கும்."

சரோஜா டம்ளரில் ஊற்றினாள். என்னைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். ஊசியைப் பிடித்தபடி பத்தரும் என்னைப் பார்த்தார்.

பிள்ளைக்கு இன்னும் ஒரு காது பாக்கி இருந்தது.

முழு டம்ளரும் குடித்தேன்.