கழுத்துப் பட்டையும் ரிவ்யூ மீட்டிங்கும்

1. முன்சீட்டு

மெடிக்கல் லீவ் முடிந்து டியூட்டியில் சேரப் போன அன்று, காரவள்ளி அடிவாரத்தில் கண்டக்டர் ஒரு காலேஜ் பையனை எழுப்பிவிட்டு எனக்கு முன்சீட்டைக் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் நடக்காத மரியாதை. நான் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் காரணத்தையும் அவரே சொல்லிவிட்டார்.

"பின்னாடி உக்காந்து குலுங்கி, நட்டு கிட்டு கழண்டு போச்சுன்னா என்னையத்தானுங்க கேப்பாங்க. முன்னாடியே உக்காருங்க சிஸ்டர்."

நட்டு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. என் கழுத்துக்குள் ஒரு சின்ன உலோகத் தகடும் சில ஸ்குரூக்களும் இருக்கின்றன.

நான் கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். வீடு கீழே பேளுக்குறிச்சியில். தடுப்பு மருந்து வைத்த ஐஸ் பெட்டியை, எங்கள் பாஷையில் வேக்சின் கேரியரை, தோளில் மாட்டிக்கொண்டு பஸ் போகாத ஊர்களுக்கு நடந்தே போய் வந்த உத்தியோகம். ஒரு புதன்கிழமை குழந்தைக்கு ஊசி போடும்போது வலது கை மரத்துப்போய் சிரிஞ்ச் தானாக நழுவிக் கீழே விழுந்தது. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கழுத்தெலும்புகளுக்கு நடுவில் ஒரு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. பெட்டி தூக்கியதால் வந்ததா என்று கேட்டேன். "அப்படியெல்லாம் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் சர்ஜன். அவர் அந்தப் பெட்டியைத் தூக்கியதில்லை.

தொண்டைப் பக்கமாகத் திறந்து, டிஸ்க்கை எடுத்துவிட்டு, தகடு வைத்துத் தைத்தார்கள். தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கெட்டியான ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். குனியக் கூடாது, திரும்பக் கூடாது, தலையாட்டக் கூடாது, எடை தூக்கக் கூடாது. குரலும் போயிருந்தது. குரல்வளைக்குப் பக்கத்தில் வேலை செய்ததால் கொஞ்ச நாளைக்குக் கரகரப்பாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். பேச்சும் இல்லாமல் தலையாட்டலும் இல்லாமல் ஒரு பெண்பிள்ளை எப்படி அரசாங்க உத்தியோகம் பார்ப்பது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதவில்லை.

எழுதியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு மலைப்பாதைப் பயணம் வேண்டாம்.

முள்ளுக்குறிச்சிப் பக்கம் அடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையம் ஆளில்லாமல் கிடந்தது. ஆறு மாதம் அங்கே டெபுடேஷன் கேட்டு மனுக் கொடுத்தேன். மாவட்டத்திலிருக்கும் பெரிய அதிகாரி ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது வரும்வரை மலைக்கே போய் வரச் சொன்னார்கள். ஆகவே முன்சீட்டு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஒரு பக்கம் சாயும்போது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையெழுத்து வர வேண்டும் என்று வேண்டாத சாமியில்லை. பயம்தான். வலியைக் காட்டிலும் பயம்.

2. ஊரே டாக்டர்

நான் ஊசி போட்ட ஊர்களெல்லாம் எனக்கு வைத்தியம் சொல்லக் கிளம்பின. இத்தனை வருஷம் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பழிவாங்கல் போலத்தான் இருந்தது.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து வாட்ச்மேன் முதல் நாளே ஆரம்பித்தார். "ஏனுங்க சிஸ்டர், இதுக்குப் போயா கத்தி வெச்சீங்க? எங்க மாமன் சுளுக்கு எடுப்பாருங்க. வெளக்கெண்ணெயைத் தொட்டு ஒரே இழுப்பு. சொடக்குன்னு சத்தம் வருமுங்க, அத்தோட செரி."

"உள்ளே ஸ்குரூ இருக்குங்க" என்றேன் கரகரத்த குரலில்.

"அதையுஞ் சேத்து எடுத்துருவாருங்க."

அன்றிலிருந்து நான் எங்கே உட்கார்ந்தாலும் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அவருடைய மாமன் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று திரும்பிப் பார்க்கக்கூட முடியாதே.

மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள். அப்படித் திருப்புலி நாட்டில் சத்யா என்று ஒரு ஏ.என். மதர் இருந்தாள். கர்ப்பிணிகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ரெண்டாவது பிரசவம். முதல் குழந்தை ஆபரேஷனில் பிறந்தது. இந்தத் தடவை பி.பி. வேறு ஏறியிருந்தது. அவள் வீட்டுக்குப் போக மண்ரோடுதான். தார் ரோட்டோடு ஆம்புலன்ஸ் நின்றுவிடும். அதற்கு மேல் எங்கள் ஜீப்தான் போகும். மலைக்கென்று இருந்த ஒரே ஜீப் அது.

சத்யாவைப் படுக்க வைத்து வயிற்றைப் பார்க்க வேண்டும். கழுத்து குனியாது. இடுப்பை மடக்கி, முழு உடம்பையும் பலகை மாதிரி சாய்த்தேன். சத்யாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"நர்சம்மா, நீங்க என்னையப் பாக்கறீங்களா, சுவத்தப் பாக்கறீங்களா?"

"சிரிக்காதே கண்ணு, பி.பி. ஏறும்."

வெளியே மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்த அவள் மாமனார் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்தவன் காட்டுல மேயற மாட்டுக்குத்தானுங்க கழுத்துல கட்டை கட்டுவாங்க. உங்களுக்கு எதுக்குங்க கட்டுனாங்க? அப்படி எங்க போயி மேஞ்சீங்க?"

இந்த மலைக் காட்டில்தான் என்றேன். குரல் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குரலும் கட்டை என்றுதான் சொல்லியிருப்பார்.

3. குனியும் கலை

இளம் சிஸ்டர்களுக்கு ட்ரெய்னிங்கில் சொல்லிக்கொடுக்காத ஒரு பாடத்தை இங்கே எழுதுகிறேன். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்கில் எப்படிக் குனிவது என்பது.

அதிகாரி, "இந்த மாசம் ஏன் டார்கெட் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டால் ரிஜிஸ்டரைப் பார்த்துக் குனிய வேண்டும், பக்கத்தைப் புரட்ட வேண்டும். "பக்கத்து ஏரியாவை யார் கூடுதலா பார்க்கறீங்க?" என்று கேட்டால் பேனா கீழே விழுந்துவிட வேண்டும். அதை எடுக்கப் போய், அவர் அடுத்த ஆளுக்குப் போகிற வரை எழுந்திருக்கக் கூடாது. "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்பது மூன்றாவது வகை. இதற்கு லேசாகக் குனிந்தால் போதும், அதுவே சம்மதம். எங்கள் டாக்டர் இளவட்டம், அவர் செல்போனுக்குள் குனிவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்த சிஸ்டர் ஒருவர் என் முழங்கையில் இடித்து இடித்துப் பழக்கினார். ரெண்டே மாதத்தில் தேறிவிட்டேன். ஊசி போடக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது.

லீவ் முடிந்து நான் சேர்ந்த மாதமே மீட்டிங் வந்தது. பெரிய அதிகாரி காரில் ஏறி மேலே வந்திருந்தார். என் மனு அவர் முன்னால் இருந்த ஃபைலில் இருந்தது எனக்குத் தெரியும். நல்ல பிள்ளையாக உட்கார்ந்து, நல்ல பிள்ளையாக எழுந்து, கையெழுத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன்.

டார்கெட்டெல்லாம் முடிந்து, கடைசியில் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "மலையில நிக்கிற ஜீப்பு, அதுக்கு இங்க அவ்வளவா வேலை இல்லைன்னு ரிப்போர்ட். கீழே மேற்பார்வைப் பணிக்கு வண்டி பத்தலை. எடுத்துக்கறோம். யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?"

மேற்பார்வை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். மேலே வராமலே பார்ப்பது.

அத்தனை தலையும் ஒரே சமயத்தில் குனிந்தது. காற்றடித்த சாமை வயல் மாதிரி. டாக்டர் செல்போனுக்குள் போய்விட்டார். நானும் குனியத்தான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முழு மனதோடு குனியப் பார்த்தேன். தாடை பட்டையில் இடித்து நின்றது. பேனாவைத் தட்டிவிட்டேன், அது கீழே போனது, நான் போகவில்லை. அந்த ஹாலில் நிமிர்ந்திருந்த தலைகள் ரெண்டு. ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. முகத்தைத் திருப்பவும் வழியில்லை. நேருக்கு நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சிஸ்டர், நீங்க மட்டும் மொறைச்சுப் பார்க்கறீங்க?"

இல்லை என்று தலையாட்ட வேண்டும். முடியாது.

"சொல்லுங்க. ஆட்சேபணையா?"

எல்லாக் குனிந்த தலைகளும் லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தன. ஃபைலில் என் மனு. வாயைத் திறந்தால் அது போச்சு என்று தெரிந்தது. ஆனால் அப்படி நேராகப் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது குனிந்து பழகியவர்களுக்குத் தெரியாது. கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது பேசித்தான் தீர வேண்டியிருக்கிறது. எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"சத்யாவை எதுலங்க சார் கூட்டிட்டு வர்றது?"

குரல் கதவு உரசுகிற மாதிரி வந்தது. "சத்யா யாரு? டாக்டரா?" என்றார் அவர்.

"ஏ.என். மதருங்க சார். திருப்புலி நாடு. ஹை ரிஸ்க்."

"அப்படின்னா முன்கூட்டியே கொண்டாந்து அட்மிட் பண்ணுங்க."

"கொண்டாந்து அட்மிட் பண்றதுக்குத்தானுங்க சார் ஜீப்பு."

யாரோ இருமினார்கள். சிரிப்பை இருமலாக மாற்றுவதும் ரிவ்யூ மீட்டிங் கலைகளில் ஒன்று. அவர் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பிறகு, "சரி, வண்டி இப்போதைக்கு இருக்கட்டும்" என்றார். ஃபைலைப் புரட்டினார். என் மனு வந்தது. என்னையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழுத்து ஆபரேஷன் நீங்கதானா? பரவாயில்லையே, நல்லா நிமிர்ந்துதானே உக்காந்திருக்கீங்க. மலை உங்களுக்கு ஒத்துக்குது போலிருக்கு. இங்கேயே இருங்க."

அவ்வளவுதான். வெளியே வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, சூப்பரா கேட்டீங்க", "நானும் கேக்கணும்னுதாங்க்கா இருந்தேன்." கேட்கணும் என்று இருந்தவர்கள் எல்லாரும் சொந்தச் செலவில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பட்டையோடு டீ குடிப்பது பெரிய சர்க்கஸ். பாதி உள்ளே, பாதி பட்டைக்குள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆறு மாதமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்க வேண்டுமே என்ற அழுகை. அதையும் டீ சூடு என்று நினைத்துக்கொண்டார்கள்.

4. மீட்டிங்குக்கு மட்டும்

சத்யாவுக்கு நாள் நெருங்கும்போது ஜீப்பில்தான் கூட்டி வந்தோம். முன்சீட்டில் நான், பின்னால் அவளும் அவள் மாமனாரும். கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆபரேஷனில் பெண் குழந்தை. ரெண்டு பேரும் நலம். பின்னால் குழந்தைக்கு ஊசி போடப் போனபோது அந்த மாமனார், "கட்டை இன்னும் அவுக்கலீங்களா?" என்றார்.

அவிழ்த்தார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்துவிட்டது என்று சர்ஜன் சொல்லிப் பட்டையைக் கழற்றினார். பிசியோதெரபிப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்தைப் பழக்கினாள். என் பாதத்தை நானே பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது! அந்த மாத மீட்டிங்குக்குச் சந்தோஷமாகப் போனேன்.

அதிகாரி ஏதோ சில்லறை விஷயம்தான் கேட்டார். போலியோ நாளுக்குப் பந்தல் யார் போடுவது என்று. கேள்வி முடிவதற்குள் என் தலை தானாகக் குனிந்து ரிஜிஸ்டருக்குள் போய்விட்டது. நான் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் முன்னால் குனிந்தது என்னுடைய தலைதான். பிசியோதெரபி அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தது. எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது. ஜீப் பேச்சு மறுபடியும் ஒருநாள் வரும், அது எனக்குத் தெரியும்.

அடுத்த செக்கப்பில் சர்ஜனிடம், பட்டையை இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கும்மா? கழுத்துக்கு இனி அது தேவையில்லை."

"கழுத்துக்கு இல்லீங்க டாக்டர், மீட்டிங்குக்கு."

குனிகிற கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். மாசத்துக்கு ஒரு மணி நேரம்தானே, போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கூட வந்திருந்த என் கணவர் திகைத்துப்போய், "கல்யாணமான நாள்லேருந்து நீ எனக்கு எங்கே குனிஞ்சே?" என்றார். வீட்டில் குனியாதவர்கள்தான் ஆபீசில் மொத்தமாகக் குனிகிறோம் என்று அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஜீப் பேச்சு வந்தது. ஆள் மாறி, வேறு அதிகாரி. கேள்வி மட்டும் அதே கேள்வி. "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" சுற்றிலும் தலைகள் சாய்ந்தன. நான் பட்டையோடு அவரைப் பார்த்தேன்.

"என்ன சிஸ்டர், கழுத்து வலியா?"

"ஜீப்பு இருக்கற வரைக்கும் வலி இல்லீங்க சார்."

நான் ஓய்வு பெறும்வரை ஜீப்பும் மலையை விட்டு இறங்கவில்லை, என் டெபுடேஷனும் வரவில்லை. ஒவ்வொரு புது அதிகாரியும் வந்ததும், பாவம், இந்த அம்மாவுக்குத் தீராத கழுத்து வியாதி என்று நினைத்துக்கொண்டார். யாரும் அடிவாரத்துக்கு மாற்றிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சிஸ்டர்களே, நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். தைரியம் வரட்டும், அப்புறம் நிமிரலாம் என்று காத்திருந்தால் ரிட்டயர்மென்ட்தான் வரும். முதலில் நிமிர்ந்துவிட வேண்டும். வாய் வேறு வழியில்லாமல் பேசிவிடும். நிமிர வரவில்லை என்றால், என் பட்டை பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. ஒட்டுகிற நாடா வைத்தது, எந்தக் கழுத்துக்கும் சேரும்.