தறி நிற்குமா?

அம்மையார்குப்பத்தில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் யாராவது செத்தால், பிணத்தை எடுக்கும்வரை எல்லா வீட்டுப் பவர்லூமும் நிற்கும். யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. நாளெல்லாம் தடதடக்கிற தெரு சட்டென்று அடங்கினால், வெளியே போனவர்கள் யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டே திரும்பி வருவார்கள்.

நான் திருத்தணியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மனிதன் லாப நஷ்டம் பார்த்துத்தான் எதையும் செய்வான் என்பது எங்கள் பாடத்தின் பிள்ளையார் சுழி. அதைப் பலகையில் எழுதும்போது இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. வேறு மாதிரி எழுதினால் பிள்ளைகளுக்கு மார்க் கிடைக்காது என்பதால் எழுதுகிறேன்.

போன வருஷம் கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியது. அக்காவின் வீட்டுக்காரர், என் பாவா, மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார். அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, சென்னை ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. கதவைச் சாத்திப் பவர்லூமை மறைப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான்.

"நான் ஒருத்தன் நிறுத்தினாதான் கூலி ஏறப் போவுதா? ஏறுச்சுன்னா எனக்குந்தானே ஏறும். நிறுத்தி இன்னா பிரயோஜனம், நீயே சொல்லு" என்றார் பாவா.

எங்கள் புத்தகமும் அச்சு அசலாக அதைத்தான் சொல்கிறது. ஆனால் ஒரு தறி ஓடுகிறது என்று தெரிந்ததும், நூல் கொடுக்கும் முதலாளிகள் பேச்சுக்கே வரவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எல்லோரும் பழைய கூலிக்கே திரும்ப ஓட்டினார்கள். தெரு பாவாவோடு பேசுவதை விட்டது. அப்புறம் அக்காவோடும் விட்டது.

வியாதியைவிட அதுதான் அவளைத் தின்றது. இனிப் பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தபின் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"நான் செத்தா தறிய நிறுத்துவாங்களாடா?"

"நிறுத்துவாங்கக்கா. நாளைக்கு அவங்க வீட்லயும்தான் சாவு வரும். கொஞ்ச நேரம் நிறுத்தறதுல இன்னா கெட்டுப்போவுது அவங்களுக்கு?"

என் படிப்பிலிருந்து அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அவள் "ஆங்" என்றாள். நம்பினாளோ என்னவோ.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். அந்த வாரம் ஊருக்கே நூல் வரவில்லை, தறிகளெல்லாம் சும்மாதான் கிடந்தன. பஸ் ஆர்.கே.பேட்டையைத் தாண்டும்போது எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி இருந்தது. நிறுத்த மனசில்லாதவர்களால்கூட இன்றைக்கு ஓட்ட முடியாது.

அவளைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் எதிர்வீட்டில் ஒரு தறி ஓடத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் இன்னொன்று. அப்புறம் தெரு முழுக்க.

எதிர்வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். தறியில் ஒரு இழை நூல் இல்லை. ஊடை நூல் இல்லாத வெறும் நாடாக்கட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. துணி வராது, கூலி வராது, கரண்டு செலவும் தறியின் தேய்மானமும்தான் மிச்சம். அக்காவோடு தினமும் குழாயடியில் தண்ணீர் பிடித்த அந்த வீட்டு அம்மா, சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்று கும்பிட்டேன்.

"உங்க அக்கா மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க சார். அது தங்கம்." தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொன்னார். "அந்த ஆளு காதுல உழணும். அதுக்குத்தான் ஓட்டிகினு இருக்கோம்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தறியை நிறுத்தவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் அழுததைப் பார்த்ததில் அதுவும் நிலைக்கவில்லை.

திரும்பி வந்தேன். வாசலில் அடித்த சாவு மேளம் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. பாவா தலைமாட்டில் உட்கார்ந்து, அக்காவின் இரண்டு காதுகளையும் தன் கைகளால் பொத்திக்கொண்டிருந்தார்.