வானம் மட்டும் விற்ற எலெக்டா

அமெரிக்காவின் கனெக்டிகட் மலைப்பக்கத்தில் எங்கள் கடிகாரப் பட்டறை. பல்சக்கரம்கூட மரம்தான். ஆண்கள் மரம் இழைப்பார்கள். பெண்கள் நாங்கள் கடிகாரத்தில் எண்வட்டத்துக்குக் கீழே வரும் கண்ணாடியில் வெள்ளை மாடிவீடு வரைவோம். அப்படியொரு வீட்டில் எங்களில் ஒருத்தியும் வாழ்ந்ததில்லை.

கண்ணாடியின் பின்பக்கம் வரைவதால் வரிசை தலைகீழ். முதலில் கதவு, பிறகு சுவர், கடைசியில்தான் வானம். கணவனைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்த எலெக்டா, முதல் நாளே வானத்தைப் பூசிவிட்டு அதன்மேல் பாடுபட்டு வீடு வரைந்தாள். திருப்பிப் பார்த்தால் வெறும் நீலம்.

"ஏம்மா, வீடு எங்க?" என்றார் முதலாளி.

"வானத்துக்குப் பின்னாடி இருக்குங்க."

நாங்கள் சிரித்துத் தொலைத்தோம். முதலாளி அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளாத குறைதான். ஊர் ஊராகக் கடிகாரம் விற்கும் அசாகேல்தான், "குடுங்க, நான் தள்ளிவிடுறேன்" என்று அந்தக் கண்ணாடி மாட்டிய கடிகாரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான்.

அடுத்த வசந்தத்தில் சிரித்துக்கொண்டே வந்தான்.

"எலெக்டாக்கா, ஒஹையோ காட்டுல புதுசா குடியேறின ஒரு பொம்பள அத வாங்கிட்டா. அங்க சுத்தி மரம், பகல்லயே இருட்டு. இதுலயாவது வானம் தெரியுதேன்னா. அக்கம்பக்கத்துல எல்லாரும் அதே வேணுங்குறாங்க!"

எலெக்டா தூரிகையை நீலத்தில் முக்கினாள்.

"ஓரமா வீடும் கொஞ்சம் போடும்மா" என்றார் முதலாளி, குரலைத் தணித்து.

"வீட்ட அவங்களே கட்டிக்குவாங்க" என்றாள் எலெக்டா.